நடைபாதையில் தனியாக ஓர் அஞ்சலிப் பலகை வைப்பது எப்படி

ஊரில் ஒருவர் இறந்தால் மறுநாளே தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிவிடுவார்கள். பெயர், தோற்றம், மறைவு, கடைசியில் ‘இப்படிக்கு’ என்று உறவினர் வரிசை. அமெரிக்கக் குடியேற்றத் துறையின் காவலில் இறந்தவர்களுக்காக நான் நியூ ஜெர்சியில் நடைபாதையில் வைக்கும் பலகையும் அந்த வடிவம்தான். அதில் கோஷம் இல்லை. கோஷத்துக்குக் கூட்டம் வேண்டும். ஒற்றை ஆளாக நிற்பவருக்குப் பெயர்களே போதும். படிப்பவர் முதலில் ஒரு மனிதர் இறந்ததை அறியட்டும், கேள்வி அவருக்குள்ளேயே எழும்.

எதற்கும் முன்னால் உங்கள் குடியேற்ற ஸ்டேட்டஸைப் பாருங்கள். நான் குடியுரிமை பெற்றவள். பேச்சுரிமை இங்கே வசிக்கும் வெளிநாட்டவருக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1945லேயே சொல்லியிருக்கிறது. ஆனாலும் 2025இல் போராட்டத்தில் பேசியதற்காகவும் எழுதியதற்காகவும் மாணவர் விசாவில் இருந்தவர்களையும், கிரீன் கார்டு வைத்திருந்த மஹ்மூத் கலீலையும் பிடித்து அடைத்தார்கள். எச்-1பி வேலை விசாவிலோ எஃப்-1 மாணவர் விசாவிலோ இருந்தால் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் பேசாமல் தெருவில் நிற்காதீர்கள். பெயர்ப் பட்டியலைச் சரிபார்ப்பது, பலகை எழுதுவது என்று வீட்டுக்குள் செய்யும் வேலை நிறைய இருக்கிறது. அதுவும் இதே வேலைதான்.

பட்டியலுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். குடியேறியவர்களைப் பிடித்துத் தடுத்துவைக்கும் ஐஸ் (ICE) துறையின் காவலில் ஒருவர் இறந்தால் 90 நாளுக்குள் அறிக்கையை வெளியிட வேண்டும் என்று நாடாளுமன்றம் 2018இல் விதித்தது. அந்த அறிக்கைகள் துறையின் இணையதளத்திலேயே கிடைக்கும். அங்கிருந்து பெயர், வயது, நாடு, இறந்த தேதி, இடம் ஆகியவற்றை எடுத்து, குறைந்தது ஒரு செய்தித்தாளோடு ஒப்பிடுங்கள். எல்லா மரணமும் ஐஸ் கணக்கில் வராது. குவாதமாலாவிலிருந்து வந்த 7 வயது ஜாக்கலின் கால் 2018 டிசம்பர் 8 அன்று எல் பாசோ மருத்துவமனையில் இறந்தபோது எல்லைக் காவல் படையின் பிடியில் இருந்தாள். 16 வயது கார்லோஸ் எர்னாண்டஸ் வாஸ்கெஸ், 2019 மே மாதம் டெக்சாஸ் வெஸ்லகோவில், ஃப்ளூ காய்ச்சலோடு அதே படையின் அறையில் இறந்தான். இவர்களை ஐஸ் பட்டியலில் சேர்த்தால், விவரம் தெரிந்த ஒருவர் வந்து “இது தப்பு” என்பார். பிறகு மற்ற பெயர்களையும் யாரும் நம்ப மாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு பெயரின் கீழும் யாருடைய காவல் என்று எழுதுங்கள்.

எழுத்துப் பிழை கூடவே கூடாது. ஸ்பானியப் பெயர்களில் தந்தை வழி, தாய் வழி என்று இரண்டு குடும்பப் பெயர்கள் வரும். இரண்டையும் எழுதுங்கள், எழுத்தின் மேல் வரும் சிறு கோட்டையும் விடாதீர்கள். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் இருந்ததால் விசாவில் ‘எஃப்என்யூ’ (முதற்பெயர் தெரியவில்லை) ஆகிப்போன நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முகப் படம் மட்டும் வேண்டாம். குடும்பம் தானே வெளியிட்ட படம் என்று உறுதியாகத் தெரிந்தால் ஒழிய, படமில்லாத வெறும் சட்டகத்தைக் கறுப்பு ரிப்பனோடு வையுங்கள்.

அடுத்தது இடம். பொது நடைபாதையும் பூங்காவும் நல்லவை. 1980இல் மேரி கிரேஸ் என்ற பெண், அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்தை அப்படியே எழுதிய பலகையோடு உச்ச நீதிமன்றத்துக்கு வெளியே நடைபாதையில் தனியாக நின்றார். போகாவிட்டால் கைது என்றது போலீஸ். 1983இல் அதே நீதிமன்றம், அந்த நடைபாதையும் மற்ற நடைபாதைகளைப் போலப் பொது இடம்தான் என்று தீர்ப்பளித்தது. ஆனால் கூட்டாட்சிக் கட்டடத்தின் வளாகத்துக்குள் கால் வைத்தால் விதி வேறு, அங்கே அனுமதி கேட்பார்கள். எல்லைக்கோடு எங்கே என்று முன்னாலேயே நடந்து பார்த்துவிடுங்கள். வாஷிங்டன் நேஷனல் மாலில் 25 பேர் வரை அனுமதிச் சீட்டு தேவையில்லை. கையில் பிடிக்கும் பலகை போதும், மேடை போன்ற அமைப்பு கூடாது.

ஊர் கிளர்க் அலுவலகத்துக்கு போன் செய்து இரண்டு கேள்வி கேளுங்கள். ஒருவர் பலகையோடு நிற்க அனுமதி வேண்டுமா? தரையில் நிற்கும் பலகைக்கு வேண்டுமா? பல ஊர்களில் முதலாவதற்கு வேண்டாம் என்பார்கள், சிக்கல் இரண்டாவதில்தான். பதிலைச் சொன்னவரின் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கி வேண்டாம். நிஜ மெழுகுவர்த்தியும் வேண்டாம், தீயணைப்புத் துறை வந்து நிற்கும். பேட்டரி விளக்கு காற்றிலும் அணையாது.

பலகைக்கு நெளி பிளாஸ்டிக் அட்டைதான் சரி, காகித அட்டை பனியில் ஊறிவிடும். 24க்கு 36 அங்குலம், வெள்ளையில் கறுப்பு எழுத்து. ஓர் அங்குல உயர எழுத்தை 10 அடி தூரத்திலிருந்து வசதியாகப் படிக்கலாம் என்பது பலகை எழுதுபவர்களின் கணக்கு. பெயருக்கு 3 அங்குலம் வைத்தால் சாலையின் எதிர்ப்பக்கமும் தெரியும். ஒரு பலகையில் நாலைந்து பெயருக்கு மேல் வேண்டாம். தாங்கியின் காலில் தண்ணீர் நிரப்பிய கேன் கட்டுங்கள். கம்பத்திலோ மரத்திலோ கட்டக் கூடாது. சக்கர நாற்காலி போக 4 அடியாவது விடுங்கள், சரிவுப் பாதையையும் பேருந்து நிறுத்தத்தையும் மறிக்காதீர்கள். பலகையை விட்டு நகரவும் கூடாது, ஆள் இல்லாத பலகையைக் கைவிடப்பட்ட பொருள் என்று எடுத்துப் போய்விடுவார்கள்.

கீழே ‘இப்படிக்கு’ இருக்கும் இடத்தில் ஒரே ஒரு கோரிக்கை எழுதுங்கள். “ஒவ்வொரு மரணத்தையும் வெளியார் விசாரிக்க வேண்டும்” என்பது என்னுடையது. ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் எழுதுகிறேன்.

தனியாக நிற்பது என்றால் துணையே இல்லாமல் என்று அர்த்தமில்லை. எதிர்ப்புறம் ஒரு நண்பர் போனோடு உட்கார்ந்திருக்கட்டும். வழக்கறிஞர் எண்ணைக் கையில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். போலீஸ் வந்தால் “நான் போகலாமா?” என்று கேளுங்கள். தள்ளி நிற்கச் சொன்னால் நில்லுங்கள், என்ன சட்டம் என்று அமைதியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கத்துபவர்களுக்குப் பதில் சொல்லாதீர்கள். பெயர்கள் இருக்கின்றன, அவையே பேசும்.

நின்று படிப்பவர்களைப் படம் எடுக்கவே கூடாது. யார் குடியேற்ற ஆவணம் இல்லாதவர், யாருடைய அண்ணன் காவலில் இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. சிலர் தங்கள் வீட்டுக் கதையைச் சொல்வார்கள். கேளுங்கள், எழுதிக்கொள்ளாதீர்கள். இலவச சட்ட உதவி எண்கள் உள்ள தாள் ஒன்று கையில் இருந்தால் கொடுங்கள்.

யாராவது பூ வைத்தால் முடிக்கும்போது அதையும் எடுத்து வந்துவிடுங்கள், நடைபாதையில் விட்டால் குப்பை என்று புகார் வரும். அன்று இரவே அதே பட்டியலை உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதமாக அனுப்புங்கள். மறுபடி நிற்பதற்கு முன் துறையின் அறிக்கைகளை இன்னொரு முறை பாருங்கள், புதிய பெயர் வந்திருக்கலாம்.