பாதி ஏற்றத்தில் கழன்ற ஸ்கின்

திருகோணமலைக்காரன் எனக்கு ஏற்றம் என்றால் கோணேசர் கோயில் ஏற்றம்தான். நோர்வேயில் இருக்கும் மச்சான்தான் அங்கேயுள்ள லிங்கென் ஆல்ப்ஸ் மலைகளுக்குக் கூட்டிப்போனான். கடலோரத்திலிருந்தே எழும் மலைகள். நாங்கள் போன பக்கம் லிப்ட் கிடையாது. பனியில் சறுக்கும் பலகையான ஸ்பிளிட்போர்டை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து, அடியில் ஸ்கின் எனும் பசை தடவிய மயிர்ப்பட்டியை ஒட்டி, பிர்ச் மரக்காட்டுக்குள்ளால் ஏற வேண்டும். ஸ்கின்னின் மயிர் பின்பக்கமாகப் படிந்திருக்கும்; முன்னுக்கு வழுக்கும், பின்னுக்கு வழுக்காது.

இடையில் ஒரு சின்ன இறக்கம். சறுக்குவதற்காகக் கழற்றிய ஸ்கின்னை ஈரத்துவாய் மாதிரி பனிமேல் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்தேன். அங்கேதான் பிழை. பசை முழுக்கப் பனித்துகள். திரும்ப ஒட்டினால் பத்து அடிக்குள் வால் கழன்று தொங்கியது. பனிச்சரிவில் புதைந்தவரைத் தேட உடம்பில் பீக்கன் எனும் சமிக்ஞைக் கருவி, பையில் சவளும் புரோப் எனும் நீளக் கம்பியும் இருந்தும் என்ன பயன்?

"பதறாத மச்சான், ஜக்கெட்டுக்குள்ள வை" என்றான்.

முதலில் வங்கி அட்டையால் பனியைச் சுரண்டினேன். பசைப்பக்கத்தைப் பசைப்பக்கத்தோடு மடித்து, வயிற்றோடு சேர்த்து வைத்தேன். ஐயோ, அந்தக் குளிர்! அது சூடாகும்வரை போர்டின் அடியைப் பழைய சாரத்துண்டால் ஈரம் போகத் துடைத்தேன். அப்புறம் நடுவிலிருந்து அழுத்தி ஒட்டி, வால் பக்கம் ரப்பர் பட்டியால் இறுக்கினேன். உச்சிவரை அசையவில்லை.

இப்போது ஸ்கின் உப்புவெளி வீட்டில், வெயில் படாத அலுமாரியில். அம்மா தடவிப் பார்த்து, "ஆட்டுத்தோலா தம்பி?" என்று கேட்டார். பெரிய பிழையில்லை, ஸ்கின்னில் இருக்கும் மொஹேர் அங்கோரா ஆட்டு மயிர்தானே.