மலக்குடல் அறுவைக்குப் பிறகு அடிக்கடி கழிவறையா?

மலக்குடல் புற்றுநோய் அறுவை முடிந்தவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் மூன்று நான்கு முறை கழிவறைக்கு ஓடுவதுண்டு. மலத்தைத் தேக்கிவைக்கும் பகுதியையே எடுத்துவிட்டார்களே, பின்னே? ‘நோய் திரும்பிவிட்டதோ’ என்று உடனே பதறாதீர்கள். குடல் ஓரளவு பழக ஓராண்டு, சிலருக்கு இரண்டாண்டுகூட ஆகும்.

என்ன சாப்பிட்டோம், எத்தனை முறை போனது என்று ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். காபியா, பாலா, காரக்குழம்பா, எது படுத்துகிறது என்று பிடிபட்டுவிடும். எரிச்சல் இருந்தால் தேய்க்காமல் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். வயிற்றுப்போக்கைக் கட்டுப்படுத்தும் லோபரமைடு மாத்திரை உதவும். ஆனால் மருத்துவரைக் கேட்டுத்தான்.

புற்றுநோய் திரும்புகிறதா என்று கண்காணிக்கச் செய்யும் சிஇஏ (CEA) ரத்தப் பரிசோதனை நெருங்கும்போதுதான் பலருக்குத் தூக்கம் போகும். அப்போது கூகுளில் தேடாமல், சந்தேகங்களை அதே நோட்டில் குறித்து மருத்துவரிடம் கேளுங்கள். மலத்தில் ரத்தம் போனாலோ காரணமின்றி எடை குறைந்தாலோ பரிசோதனைத் தேதிவரை காத்திருக்க வேண்டாம். வயிறு உப்பி, வாந்தி வந்து, வாயுகூடப் பிரியவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.