சாலைக்கும் டிராக்குக்கும் ஒரே கார்: சஸ்பென்ஷனில் எதை, எந்த வரிசையில் மாற்றுவது

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு கேபிள் டை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்க ஷாக் அப்சார்பரின் தூசுக் கவசத்தை மேலே தூக்கிவிட்டு, பளபளக்கும் தண்டில் அதைக் கொஞ்சம் இறுக்கமாகச் சுற்றிக் கீழே வரை தள்ளிவிடுங்கள். ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டுங்கள். பிறகு ஒரு நாள் டிராக்கில் ஓட்டுங்கள். சக்கரம் எவ்வளவு மேலே ஏறியதோ அந்த அளவுக்கு டை தண்டில் நகர்ந்து நிற்கும். பம்ப் ஸ்டாப் எனப்படும் தடுப்பு ரப்பர் வரை அது போயிருந்தால், உங்கள் காரின் சஸ்பென்ஷன் மேலும் கீழும் ஓடுவதற்கு இடம் போதவில்லை என்று பொருள். சில்லறைக் காசுப் பொருள். இதை நான் முதலிலேயே செய்திருந்தால் ஒரு காய்லோவர் செட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த, உயரத்தை மாற்றக்கூடிய அமைப்பு) விலை மிச்சமாகியிருக்கும்.

என்னுடையது முன்சக்கர இயக்கம் கொண்ட சிறிய ஹாட்ச்பேக். எடை 1,040 கிலோ. முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கே சக்கரத்தை மேலிருந்து தாங்கும் அமைப்பு), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் முறுங்கும் உத்திரம்). வாரத்தில் ஐந்து நாள் அலுவலகத்துக்கும், ஆண்டுக்கு ஆறேழு நாள் டிராக்குக்கும் அதே கார்தான். நான் முதலில் வாங்கியது முன்பக்கம் மில்லிமீட்டருக்கு 6 கிலோ (ஒரு மி.மீ. சுருங்க 6 கிலோ எடை வேண்டும்) ஸ்பிரிங் கொண்ட காய்லோவர். பூட்டிய கையோடு 45 மி.மீ. தாழ்த்தினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

டிராக்கில் ஒரு வலது வளைவு. பிரேக் பிடிக்கும் இடத்தில் தார் அலை அலையாகக் கிடக்கும். அங்கே போகும் ஒவ்வொரு முறையும் கார் தத்தித் தத்தி வெளிப்பக்கமாக வழுக்கியது. ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் மூக்கு உள்ளே வரவில்லை. டயரைத் திட்டினேன், தாரைத் திட்டினேன். அதே மாடல் கார் வைத்திருந்த நண்பர் ஒருவர், கம்பெனி ஸ்பிரிங்கை மாற்றாமல், நல்ல டயரும் புதிய ஷாக்கும் சரியான கேம்பரும் (சக்கரத்தின் சாய்வு) மட்டும் வைத்துக்கொண்டு என்னை விட்டு நிம்மதியாக விலகிப் போனார். மதியம் அவர்தான் தன் பையிலிருந்து கேபிள் டையை எடுத்துக் கொடுத்தார். மூன்று சுற்று ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் டை தடுப்பு ரப்பருக்குள் புதைந்து கிடந்தது. கார் சும்மா நிற்கும்போதே தண்டில் மிச்சமிருந்த இடம் 15 மி.மீ.தான். அந்தப் பதினைந்து தீர்ந்ததும் ஸ்பிரிங்குக்கு வேலையில்லை, ரப்பர்தான் காரைத் தாங்குகிறது. அந்த நொடியில் விறைப்பு பல மடங்காகிறது, வெளிப்பக்க முன் டயர் பிடியை விட்டுவிடுகிறது.

சஸ்பென்ஷன் இருப்பது டயரைத் தரையில் அழுத்தி வைத்திருக்க. அந்த அழுத்தம் ஏறி இறங்காமல் சீராக இருந்தால் பிடி கிடைக்கும். விறைப்பு அதற்கு ஓரளவு உதவும், அளவு மீறினால் கெடுக்கும். நான் சொல்லப்போகும் வரிசை முழுவதும் இதிலிருந்து வருவதுதான்.

முதல் வேலை, இருப்பதைச் சோதிப்பது. ஷாக்கில் எண்ணெய்க் கசிவு, பால் ஜாயின்ட்டில் (சக்கரப் பக்கத்து உருண்டை மூட்டு) ஆட்டம், புஷ் ரப்பரில் (கைகளின் மூட்டில் இருக்கும் ரப்பர் உறை) வெடிப்பு, ஸ்ட்ரட்டின் மேல் மவுன்ட்டில் தட்டும் சத்தம். 80,000 கிலோமீட்டர் ஓடிய காரில் இவற்றைப் புதிதாக்கினாலே கார் பாதி மாறிவிடும். அடுத்தது நல்ல டயர், பிரேக் பேட், புதிய பிரேக் திரவம். இவை சஸ்பென்ஷன் இல்லை, தெரியும். ஆனால் இவை இல்லாமல் சஸ்பென்ஷனைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

மூன்றாவது அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணங்களைச் சரிசெய்வது. செலவுக்குக் கிடைக்கும் பலன் இங்கேதான் அதிகம். ஸ்ட்ரட் வைத்த கார் வளைவில் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரமும் கூடவே வெளியே சாய்ந்து, டயரின் வெளி விளிம்பில் நிற்கத் தொடங்கும். இதை ஈடுகட்டச் சக்கரத்தின் தலையை முன்கூட்டியே உள்ளே சாய்த்து வைக்க வேண்டும். அதுதான் நெகட்டிவ் கேம்பர். கம்பெனியிலிருந்து வந்தபோது என் காரில் அரை டிகிரிகூட இல்லை. கேம்பர் போல்ட் போட்டதில் மைனஸ் 1.6 கிடைத்தது. நகர்த்தக்கூடிய மேல் தட்டு போட்டபின் மைனஸ் 3 வரை போக முடிந்தது, ஆனால் நான் நிறுத்திக்கொண்டது மைனஸ் 2.2இல். அதற்கு மேல் போனால் நேர்கோட்டில் கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது டயரின் முழு அகலமும் தரையைத் தொடுவதில்லை.

நெகட்டிவ் கேம்பர் டயரைத் தின்றுவிடும் என்று பயமுறுத்துவார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் டயரை வேகமாகத் தின்பது கேம்பரைவிட டோதான், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம். இரண்டு சக்கரங்களும் ஒன்றுக்கொன்று கோணலாக நின்றால் ஒவ்வொரு மீட்டரிலும் டயர் தேய்த்து இழுக்கப்படுகிறது. முன்பக்க டோவைப் பூஜ்ஜியத்தில் வைத்தேன். பின்பக்கத்தில் கம்பெனி கொடுத்த டோ-இன்னை, அதாவது சக்கரங்களின் முன்பக்கம் சற்று உள்நோக்கி நிற்பதை, தொடவில்லை, அதிவேகத்தில் வாலை அடக்கி வைப்பது அதுதான்.

கேம்பர் போதுமா என்று டயரே சொல்லும். வேகமாக ஓட்டிவிட்டு நேராகப் பிட்டுக்கு (டிராக் ஓரத்தில் கார் நிறுத்தும் இடம்) வந்து, ஊசி வைத்த வெப்பமானியால் உள் விளிம்பு, நடு, வெளி விளிம்பு என்று மூன்று இடத்தில் ரப்பருக்குள் குத்திப் பாருங்கள். வெளி விளிம்புதான் அதிகச் சூடு என்றால் கேம்பர் போதவில்லை. உள் விளிம்பு சில டிகிரி கூடுதலாக இருந்தால் ஏறக்குறைய சரி. நடு மட்டும் கொதித்தால் காற்று அதிகம். தூரத்திலிருந்து காட்டும் அகச்சிவப்புக் கருவி மேல்தோலை மட்டும் அளக்கும், பிட்டுக்குள் மெதுவாக உருண்டு வருவதற்குள் அந்தத் தோல் ஆறிவிடும்.

இனி ஸ்பிரிங். “உன் காரில் எத்தனை கிலோ?” என்று கேட்டுக்கொள்வதில் அர்த்தமில்லை. ஸ்பிரிங்கின் எண் வேறு, சக்கரத்தில் கிடைக்கும் விறைப்பு வேறு. சக்கரம் 10 மி.மீ. ஏறும்போது ஸ்பிரிங் எத்தனை மி.மீ. சுருங்குகிறது என்ற விகிதத்தை எடுத்து, அதன் வர்க்கத்தால் ஸ்பிரிங் எண்ணைப் பெருக்க வேண்டும். ஸ்ட்ரட்டில் அந்த விகிதம் 0.95 அளவில் இருக்கும், வர்க்கம் 0.9. மேலும் கீழும் இரண்டு கைகள் சக்கரத்தைத் தாங்கும் சில டபுள் விஷ்போன் கார்களில் 0.65தான், வர்க்கம் 0.42. ஆகவே அந்தக் காரின் 10 கிலோ ஸ்பிரிங் சக்கரத்தில் 4.2 கிலோ. என் காரின் 6 கிலோ ஸ்பிரிங் 5.4 கிலோ. பத்தைவிட ஆறு விறைப்பு.

இதை அதிர்வெண்ணாக, அதாவது காரின் உடல் நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்ற எண்ணாக, மாற்றினால் எந்தக் காரையும் எந்தக் காரோடும் ஒப்பிடலாம். ஒரு மூலையில் ஸ்பிரிங் தாங்கும் எடையைக் கிலோவில் எடுத்து, சக்கர விறைப்பை மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று எழுதி, எடையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 6.28ஆல் வகுக்க வேண்டும். என் காரின் முன் மூலையில் சக்கரம், பிரேக் எல்லாம் கழித்து 285 கிலோ. கம்பெனி ஸ்பிரிங்கில் 1.3 ஹெர்ட்ஸ் வந்தது. 6 கிலோவில் 2.2. சாதாரணக் கார்கள் 1 முதல் 1.5 வரை இருக்கும். சாலையிலும் ஓடும் விறைப்பான கார் 2ஐத் தொடுவதற்கு முன் நின்றுவிடுவது நல்லது. 2க்கு மேல் வழவழப்பான டிராக்கும் ஒட்டும் டயரும் வேண்டும், என்னிடம் இரண்டும் இல்லை. 4 கிலோவுக்கு இறங்கினேன், 1.8 ஹெர்ட்ஸ். அதே வளைவில் கார் தத்துவதை நிறுத்தியது. வேகத்தடையில் பின் இருக்கையிலிருந்து வரும் முனகலும் நின்றது.

தாழ்த்துவதைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. ஸ்ட்ரட் காரைத் தாழ்த்தினால் புவியீர்ப்பு மையம் கொஞ்சம் இறங்கும், ஆனால் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த உருள் மையம் அதைவிட அதிகமாக இறங்கும். இரண்டுக்கும் இடைவெளி கூடுவதால், அதே ஸ்பிரிங்கில் கார் முன்பைவிட அதிகமாகச் சாயும். கணக்குப் போடாமலே இதைப் பார்க்கலாம். கார் நான்கு சக்கரத்திலும் நிற்கும்போது தரையோடு குனிந்து, சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் கீழ்க் கையைப் பாருங்கள். பால் ஜாயின்ட் இருக்கும் வெளி முனை, உள் முனையைவிடத் தாழ்ந்தோ சமமாகவோ இருந்தால் சரி. வெளி முனை உயர்ந்து நின்றால் அளவுக்கு மீறித் தாழ்த்திவிட்டீர்கள். என் காரில் 20 மி.மீ. வரை பரவாயில்லை, 45இல் கை தெளிவாக மேல்நோக்கி நின்றது.

அதிலும் நான் தாழ்த்திய விதமே தவறு. நல்ல காய்லோவரில் உயரத்தை இரண்டு இடத்தில் மாற்றலாம். ஸ்பிரிங் உட்காரும் தட்டைச் சுற்றி இறக்கலாம், அல்லது அடியில் உள்ள பூட்டுவளையத்தைத் தளர்த்தி முழு உடலின் நீளத்தைக் குறைக்கலாம். தட்டை இறக்கினால் ஷாக்கின் ஓட்டத்தையே தின்கிறீர்கள். உடலைக் குறைத்தால் ஓட்டம் அப்படியே இருக்கும். நான் தட்டை இறக்கினேன். ஜாக்கியில் காரைத் தூக்கியதும் ஸ்பிரிங் தளர்ந்து கடகடவென்று ஆடியபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பணத்தில் பெரும்பங்கைப் போட வேண்டிய இடம் டேம்பர், அதாவது ஷாக். விளம்பரத்தில் வரும் 32 கிளிக்கில் (விறைப்பை மாற்றும் குமிழின் படிகள்) மயங்காதீர்கள். பல மலிவு செட்டுகளில் முதல் பத்துக்கும் கடைசிப் பத்துக்கும் வித்தியாசமே தெரியாது. விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: வேகத்துக்கு எதிராக டேம்பரின் விசையைக் காட்டும் வரைபடம் உண்டா, பிரித்து உள் வால்வை மாற்றித் தருவீர்களா. ஸ்பிரிங்கை 4 கிலோவுக்கு இறக்கியபோது என் டேம்பரின் வால்வையும் அதற்கேற்ப மாற்ற முடிந்தது. முடியாத வகையாக இருந்திருந்தால் மொத்தமும் குப்பைக்குத்தான்.

ஒற்றைக் குமிழ் உள்ள டேம்பரை இப்படிச் சரிசெய்வேன். முழுவதும் மூடும் வரை மென்மையாகத் திருப்புவேன், அழுத்தித் திருகினால் உள்ளே ஊசி கெடும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுவேன். மேட்டைத் தாண்டியபின் கார் ஒருமுறைக்கு மேல் ஆடினால் இன்னும் இரண்டு கிளிக் மூடுவேன். அடுத்தடுத்து மேடுகள் வரும் இடத்தில் கார் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி விறைத்துக்கொண்டே போவதுபோல் தோன்றினால் மூடியது அதிகம். சக்கரம் மீண்டும் கீழே வருவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. என் காரில் சாலைக்கு 14, டிராக்குக்கு 8. மழையில் டிராக்கிலும் 14தான்.

ஆன்ட்டி-ரோல் பார் என்பது இடப்பக்க, வலப்பக்கச் சக்கரங்களை இணைத்து, வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி; அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 22 மி.மீ. கம்பியை 24ஆக மாற்றினால் கூடுவது 9 சதவீதம் இல்லை, ஏறக்குறைய 42. முன்சக்கர இயக்கக் காரில் பின்பக்கத்தை விறைப்பாக்கினால் மூக்கு வளைவுக்குள் வரும். முன்பக்கத்தைத் தடிமனாக்கினால் உள்சக்கரத்தின் மேல் எடை குறைந்து, வளைவிலிருந்து வெளியேறும்போது அது வீணாகச் சுழலும். ஆனால் பின்பக்க விறைப்புக்கு ஒரு விலை உண்டு. ஈரச் சாலையில் வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தபோது என் கார் திரும்பி, வந்த வழியைப் பார்த்து நின்றது. எதிரே யாரும் வராதது என் அதிர்ஷ்டம். அதன்பிறகு மூன்று துளை உள்ள பின் பாரை வாங்கி, சாலைக்கு மென்மையான துளையிலேயே வைத்திருக்கிறேன்.

புஷ் விஷயத்தில் கீழ்க் கைக்குப் பாலியூரித்தேன் போதும், கிரீஸ் தடவிப் பூட்டாவிட்டால் கதவு கீல் போலக் கிறீச்சிடும். கோள வடிவ உலோக மூட்டு தினமும் ஓடும் காருக்கு வேண்டாம்.

ரப்பர் புஷ்ஷையே வைத்துக்கொள்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலான புஷ்களில் ரப்பர் உள் உலோகக் குழாயோடு ஒட்டப்பட்டிருக்கும். போல்ட்டை முடுக்கும் கணத்தில் அந்தக் குழாய் பூட்டப்படுகிறது, பிறகு கை அசைவதெல்லாம் ரப்பரின் முறுக்கத்தில்தான். எனக்கு வேலை செய்த பட்டறையில் காரைத் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே எல்லா போல்ட்டையும் முடுக்கிவிட்டார்கள். காரைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கேறிய நிலையிலேயே நின்றது. நான்கு மாதத்தில் இரண்டு பக்கப் புஷ்களும் கிழிந்தன. கடைசி முடுக்கு, கார் தன் எடையில் நிற்கும்போதுதான். பக்கத்தில் நின்று பார்த்து வாங்குங்கள்.

நீங்களே பூட்டுவதாக இருந்தால், ஸ்பிரிங்கை அமுக்கும் கருவியில் கஞ்சத்தனம் வேண்டாம், அதன் நேர் எதிரே முகத்தையும் வைக்க வேண்டாம். தண்டின் மேல் நட்டைப் புதிதாகப் போடுங்கள். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, சக்கரம் தொங்கும் நிலையில் பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடுகின்றனவா என்று பாருங்கள். 100 கிலோமீட்டர் ஓடியபின் எல்லாவற்றையும் டார்க் ரென்ச்சால் மறுபடி சோதித்துவிட்டு அலைன்மென்ட்டுக்குப் போங்கள். உயரம் மாறினால் ஹெட்லைட்டின் குறியும் மாறும், பலர் மறந்துவிடுவது இது. மாற்றங்களுக்கு உங்கள் நாட்டின் வாகன விதியும் காப்பீடும் இடம் கொடுக்கின்றனவா என்பதை வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

நான்கு தராசில் மூலை எடை பார்ப்பது கடைசி. ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்குச் சமமான சுமையை வைத்து, ஆன்ட்டி-ரோல் பாரின் இணைப்பைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். குறுக்கு மூலைகளின் (முன் இடமும் பின் வலமும் போல) கூட்டு மொத்தத்தில் 50 சதவீதத்தை ஒட்டி வர வேண்டும். எனக்கு 52.3 இருந்தது. இடப்பக்கம் திரும்பும்போது ஒரு காராகவும் வலப்பக்கம் திரும்பும்போது வேறு காராகவும் அது நடந்துகொண்டதற்குக் காரணம் அன்றுதான் புரிந்தது.

போன முறை டிராக்கிலிருந்து வந்து தூசுக் கவசத்தைத் தூக்கிப் பார்த்தேன். தடுப்பு ரப்பருக்கு 18 மி.மீ. முன்னாலேயே டை நின்றிருந்தது. தேதி, தார் சூடு, டயர் காற்று, கிளிக் எண்ணிக்கை ஆகியவற்றுக்குப் பக்கத்தில் அதையும் நோட்டில் எழுதிவிட்டு டையை மறுபடி கீழே தள்ளிவிட்டேன்.