சைனா சாமான் ஒன்லைன்ல வாங்கலாமா? மலைநாட்டுல இருந்து ஓடர் போடுறவங்களுக்கு

நேரா விஷயத்துக்கு வர்றேன், வாங்கலாம், ஆனா எல்லாத்தையும் இல்ல. சின்ன சாமானா இருக்கணும், எடை இருக்கக்கூடாது, சுவத்து கரண்ட்ல சொருகுற சாமானா இருக்கக்கூடாது, நாளைக்கே வேணும்னு அவசரம் இருக்கக்கூடாது, உடைஞ்சு வந்தாலும் வீட்டுச் செலவு தடுமாறக்கூடாது. இது எல்லாம் சரின்னா தாராளமா ஓடர் போடுங்க. இதுல ஒண்ணு இடிச்சாலும் ஹட்டன்லயோ பண்டாரவளையிலயோ கடைக்குப் போய் கையில தொட்டுப் பார்த்து வாங்குங்க. ஏன்னா சைனாவுக்கு ஒரு சாமானை திருப்பி அனுப்புற தபால் செலவு பல நேரம் அந்த சாமான் விலையை விட கூட வரும், அதனால நமக்கு ரிட்டர்ன்னு ஒண்ணு கிட்டத்தட்ட இல்லைன்னு நினைச்சுத்தான் இறங்கணும்.

மொதல்ல கணக்கு. அலிஎக்ஸ்பிரஸ் மாதிரி சைனா சாமான் விக்கிற ஆப்ல காட்டுற விலை முழு விலை கிடையாது, கார்ட்ல வெட்டும்போது பேங்க் தன்னோட டொலர் ரேட்ல வெட்டும், அதுக்கு மேல சார்ஜும் சேரும், ஷிப்பிங் தனியா இருக்கும், கொழும்புல கஸ்டம்ஸ்ல வரி போட்டா அதையும் கட்டித்தான் எடுக்கணும், வெட் வரி மட்டுமே 2024 ஜனவரியில இருந்து 18 வீதம். எல்லாம் சேர்த்து ஒரு சாமானுக்கு 10 டொலர் ஆகுதுன்னு வைங்க, டொலர் 300 ரூபான்னு போட்டா 3000. கொழுந்து எடுக்குறவங்களுக்கு 2024ல நிர்ணயிச்ச நாட்சம்பளம் 1350, அந்தக் கணக்குல பார்த்தா 10 டொலர் ரெண்டு முழுப் பேருக்கும், அதாவது ரெண்டு முழு நாள் சம்பளத்துக்கும் மேல. இதை நினைச்சுப் பார்த்துட்டு பட்டனை அழுத்துங்கன்னு நான் எல்லா பிள்ளைங்ககிட்டயும் சொல்றேன், அம்மா மழையில படங்கைக் கட்டிக்கிட்டு மலையில நின்ன காசு அது.

அதனால ஓடர் போட முன்னாடி அதே சாமானோட விலையை டராஸ்ங்கிற நம்ம நாட்டு ஒன்லைன் கடையிலயும் டவுன் கடையிலயும் பாருங்க, கொழும்புக்குப் போற ஆள் இருந்தா புறக்கோட்டையிலயும் கேட்கச் சொல்லுங்க. டராஸை 2018ல அலிபாபா கம்பெனி வாங்கிட்டாங்க, அலிஎக்ஸ்பிரஸும் அவங்களோடதுதான், ரெண்டுலயும் ஒரே சாமான் கிடக்குறது அடிக்கடி நடக்கும். இங்க உள்ள செல்லர்கிட்ட 200, 300 கூடப் போனாலும் சாமான் வந்த பிறகு காசு குடுக்குற வசதி இருந்தா அதுதான் லாபம், காசு மாசக்கணக்கா மாட்டிக்கிட்டு நிக்காது.

விலையில இன்னொரு தந்திரம் இருக்கு. தலையில கட்டுற லைட் படத்தைப் போட்டு 1 டொலர்னு எழுதியிருப்பான், உள்ள போய் மொடல் தெரிவு செய்யிற இடத்தை அழுத்திப் பார்த்தா அந்த 1 டொலர் பட்டிக்கு மட்டும், லைட்டுக்கு 7 டொலர். ஒவ்வொரு தெரிவையும் அழுத்திப் பாருங்க. ரிவியூ பார்க்கும்போது அஞ்சு ஸ்டாரை விட்டுட்டு ஒரு ஸ்டார், ரெண்டு ஸ்டார் குடுத்தவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு பாருங்க, வாங்கினவங்களே எடுத்த போட்டோ இருந்தா அதுதான் உண்மையான சாமான், கடைக்காரன் போட்ட படம் இல்ல.

அடுத்தது அட்ரஸ், இதை கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா நம்ம பக்கம் பார்சல் தவறுறதுக்கு பெரிய காரணம் இதுதான்னு நான் நினைக்கிறேன். கொழும்புல உள்ளவங்களுக்கு வீட்டு நம்பர் இருக்கு, ரோட்டு பேரு இருக்கு, லயத்துல இருக்குறவங்களுக்கு பல தோட்டத்துல தனி அட்ரஸே கிடையாது, தோட்டத்து பேருதான் எல்லாருக்கும் அட்ரஸ், கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்கோ ஒரு கடைக்கோ ஒரே கட்டா வந்து அங்க இருந்து கை மாறி கை மாறித்தான் வீட்டுக்கு வருது. வேலைக்கு வர்ற இன்டர்வியூ கடிதமே நாள் கடந்து கிடைக்குற நிலைமை, நம்ம ஆளுங்க இதுக்காக எவ்வளவோ வருஷமா கேட்டுக்கிட்டு இருக்காங்க, கேட்குறது நியாயமான உரிமை. அது கிடைக்கிற வரைக்கும் நாமதான் தெளிவா எழுதிக் குடுக்கணும்.

பேரை அடையாள அட்டையில உள்ள மாதிரியே இங்கிலீஷ் எழுத்துல முழுசா போடுங்க, எஸ். செல்வின்னு மட்டும் போட்டா ஒரே டிவிஷன்ல நாலு எஸ். செல்வி இருப்பாங்க. அதுக்குக் கீழ லைன் நம்பர், வீட்டு நம்பர், டிவிஷன், தோட்டம், அப்புறம் தபால் கந்தோர், டவுன், மாவட்டம். அப்பர் டிவிஷன், லோவர் டிவிஷன்னு தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கு, தோட்டப் பேரை விட்டுட்டு அதை மட்டும் எழுதினா யாருக்கும் விளங்காது. தபால் நம்பர் கட்டாயம் வேணும், ஹட்டன்னா 22000, தலவாக்கலை 22100, நுவரெலியா 22200, பதுளை 90000, பண்டாரவளை 90100, ஆனா உங்க கடிதம் வேற சின்ன தபால் கந்தோர் வழியா வந்தா அங்க கேட்டு அந்த நம்பரைத்தான் போடணும். போன் நம்பருக்கு முன்னாடி 94 வந்தா முதல்ல உள்ள சைபரை எடுத்துடுங்க. லயத்துல சிக்னல் இல்லாட்டி டவுன்ல வேலை செய்யிற வீட்டு ஆளோட நம்பரைக் குடுங்க, கூரியர்காரர் சந்தியில நின்னு கோல் எடுப்பார், பதில் இல்லைன்னா பார்சலை திருப்பிக் கொண்டு போயிடுவார்.

இதைவிட நல்ல வழி, டவுன்ல தெரிஞ்ச கடைக்காரர் யாராவது இருந்தா அவர்கிட்ட முன்னாடியே கேட்டு, கேர் ஆஃப்னு அவர் பேரையும் கடை அட்ரஸையும் போடுறது. சொல்லாம போட்டுடாதீங்க, திடீர்னு பார்சல் வந்தா அவர் வேணாம்னு அனுப்பிடுவார். தபால்காரர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க, அவருக்கு உங்க முகம் தெரிஞ்சா பாதிக் கவலை இல்ல.

இப்போ கரண்ட் சாமான். இதுல நான் கண்டிப்பா சொல்வேன், வாங்காதீங்க. நம்ம பக்கம் குளிர்ங்கிறதால எல்லாரோட கண்ணும் போற சாமான் டெப்புல மாட்டுற உடனடி சுடுதண்ணி ஹீட்டர், படத்துல அழகா இருக்கும், விலையும் குறைவு. அது 3000 வொட், நம்ம 230 வோல்ட்ல அது 13 அம்பியர் இழுக்கும். லயத்துல உள்ள பழைய உருண்டை ஓட்டை ப்ளக் பேஸ் பெரும்பாலும் 5 அம்பியர்தான். தண்ணியில போடுற கொயில் 1500 வொட்னா அதுவே ஆறரை அம்பியர் வரும். வயர் சூடாகி உருகும், ஏர்த் ஒழுங்கா இல்லாட்டி, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யாட்டி, ஈரக் கையோட டெப்பைத் தொடுற ஆளோட உயிர் போயிடும், அடுத்தடுத்து ஒட்டி இருக்குற லயத்துல ஒரு வீட்டுல பத்துற நெருப்பு அந்த வீட்டோட நிக்காது.

சார்ஜர், எக்ஸ்டென்ஷன் வயர் இதுக்கும் அதே பேச்சு. கையில ஒரு சதுரப் பின் ப்ளக் கிடைச்சா இப்படிப் பாருங்க: மூணு பின்ல பெரிசா நீளமா இருக்குறது ஏர்த் பின், அது உலோகத்துல இருந்தா அது மேல பிளாஸ்டிக் உறை இருக்கக்கூடாது. கீழ உள்ள ரெண்டு பின்னோட அடிப்பக்கம் கறுப்பு பிளாஸ்டிக் உறை இருக்கணும். மலிவு சாமான்ல அந்த உறையை ஏர்த் பின்லயும் போட்டிருப்பான், அப்படி இருந்தா அது தரக்கணக்குக்கு செஞ்சது இல்ல, பேஸ்ல சொருகுனா ஏர்த் சரியா பிடிக்காம போகலாம். வயர் உள்ள ப்ளக்ல ஃபியூஸ் போடுற இடம் இருக்கான்னும் பாருங்க, இல்லைன்னா அந்த ப்ளக்கைப் பாவிக்கவே வேணாம்.

பவர் பேங்க் வாங்குறவங்களுக்கு ஒரு எடைக் கணக்கு சொல்றேன், இது எந்தக் கடையிலயும் உதவும். உள்ள இருக்குற உருளை பெட்டரி ஒண்ணு, நல்ல தரமா இருந்தா, சுமாரா 3500 எம்ஏஎச் பிடிக்கும், எடை 45இல இருந்து 50 கிராம் வரைக்கும் வரும். 50000 எம்ஏஎச்னு எழுதியிருந்தா அந்த மாதிரி 14, 15 பெட்டரி உள்ள இருக்கணும், பெட்டரி மட்டுமே அரைக் கிலோவைத் தாண்டும். சாமான் எடை 200 கிராம்னு போட்டிருந்தா சொல்றது பொய். அது மாதிரித்தான் 5 டொலருக்கு 1 டெராபைட், 2 டெராபைட் பென் டிரைவ், மெமரி கார்ட், கம்பியூட்டர்ல போட்டா 1 டெராபைட்னு காட்டும், ஆனா உள்ள கொஞ்ச இடம்தான், அது நிரம்பின பிறகு போடுற போட்டோ எல்லாம் போயிடும், கல்யாண வீட்டு வீடியோவை நம்பிப் போட்டுட்டு அழுதவங்களைத் தெரியும். எச்2டெஸ்ட்டபிள்யூன்னு இலவச சொஃப்ட்வெயர் இருக்கு, கார்டை முழுக்க நிரப்பி திரும்ப வாசிச்சுப் பார்க்கும், எங்க வாங்கினாலும் அதைப் போட்டு சோதிச்சுட்டுப் பாவிங்க.

போன் வெளிநாட்டுல இருந்து எடுக்க வேணாம், இங்க டீஆர்சி, அதாவது தொலைத்தொடர்பு ஆணைக்குழு, அனுமதி உள்ள செட் தான் வேணும். டவுன்ல வாங்கும்போது பெட்டியில உள்ள ஐஎம்இஐ நம்பரை (ஒவ்வொரு செட்டுக்கும் உள்ள தனி நம்பர்), ஐஎம்இஐன்னு இங்கிலீஷ்ல அடிச்சு இடம் விட்டு அந்த 15 இலக்கத்தையும் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்க. ஜெக்கெட், சப்பாத்தும் வேணாம், சைஸ் நம்ம சைஸ் இல்ல, அதோட நுவரெலியா பேல் மார்க்கெட்ல போட்டுப் பார்த்து வாங்க முடியிற நமக்கு அது எதுக்கு. முகம் வெள்ளையாகும்னு வர்ற க்ரீம் பக்கமே போகாதீங்க, அந்த மாதிரி க்ரீம்ல பாதரசம் இருந்ததா பல நாட்டுல பிடிச்சிருக்காங்க, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மரக்கறித் தோட்டம் போடுறவங்க கவனிக்க வேண்டியது விதை. நீலக் கலர் ஸ்ட்ரோபெரி, ஏழு கலர் ரோஜான்னு விதை விக்கிறாங்க, அப்படி ஒரு செடியே உலகத்துல கிடையாது. அது பரவாயில்ல காசு போச்சுன்னு விடலாம், ஆனா 1999ம் வருஷத்து தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி வெளிநாட்டு விதை, செடி, கிழங்கு எதையும் அனுமதி இல்லாம கொண்டு வர ஏலாது. புது நோய் ஒண்ணு விதையோட வந்துச்சுன்னா நம்ம லீக்ஸ், கெரட், கிழங்கு எல்லாத்தையும் தின்னுடும், அப்புறம் பக்கத்து ஆளோட தோட்டமும் போகும்.

அப்போ எதைத்தான் வாங்குறது? போன் கவர், டெம்பர் கிளாஸ், மணிக்கூட்டுப் பட்டி, டீவி ரிமோட், தையல் மெஷினுக்கு கால், பொபின், பாசிமணி, குரோஷே ஊசி, ஸ்கூல் பேக்குக்கு மழை உறை, ஏஎல்ல டெக்னோலொஜி படிக்கிற பிள்ளைங்களுக்கு ஆர்டுயினோ மாதிரி போர்ட், சென்சர், சின்ன மோட்டர். இந்த எலக்ட்ரொனிக் பாகம்தான் எனக்குப் பிடிச்ச விஷயம், மலைநாட்டு டவுன்ல லேசுல கிடைக்காது, கொழும்புக்கு பஸ் ஏறிப் போய் வாங்குற செலவுல மூணு ப்ரொஜெக்ட்டுக்கு சாமான் எடுத்துடலாம், அதுக்கு செலவழிக்கிற காசை நான் வீண்னு சொல்லமாட்டேன். விடியக்காலையில இருட்டுல நடக்குறவங்களுக்கு தலை லைட்டும் நல்லது, ஆனா யூஎஸ்பில சார்ஜ் ஆகுறதா எடுங்க, சுவத்துல நேரா சொருகுறது வேணாம், வந்ததும் சார்ஜ் துவாரத்தை மூடுற ரப்பர் இறுக்கமா உட்காருதான்னு விரலால அழுத்திப் பாருங்க, மூடி தளர்வா இருந்தா நம்ம மழைக்கும் பனிக்கும் அது தாங்காது.

நேரம் பார்த்துப் போடுங்க. சாதாரண தபால்ல ரெண்டு மூணு கிழமையிலயும் வரும், ஒன்றரை மாசமும் ஆகும். அலிஎக்ஸ்பிரஸோட பெரிய சேல் நவம்பர் 11ல, தீபாவளிக்கு வேணும்னா அது பிரயோசனப்படாது, அதோட ஒக்டோபர் முதல் கிழமை அங்க தேசிய லீவு, அதனால செப்டம்பர் தொடக்கத்துலயே போட்டுடணும். ஜனவரி கடைசி, பெப்ரவரியில சீனப் புத்தாண்டு, அப்போ பல கடைக்காரங்க பல நாள் சாமானே அனுப்பமாட்டாங்க.

காசு கட்டும்போது ஆப்புக்குள்ளயே கட்டுங்க, கடைக்காரன் வட்ஸ்அப்ல வா, குறைச்சுத் தர்றேன்னு சொன்னா போகாதீங்க, வெளிய கட்டின காசுக்கு யாரும் பொறுப்பு இல்ல. சம்பளம் வர்ற கணக்கோட கார்டைப் போடாம சின்னதா வேற கணக்கு வச்சு தேவையான காசை மட்டும் அதுல போட்டுக் கட்டுறது நல்லது. பார்சல் வந்ததும் பிரிக்க முன்னாடியே போன்ல வீடியோ எடுக்கத் தொடங்குங்க, மேல உள்ள லேபிள் தெரியணும், வெட்டுறது தெரியணும், சாமானை இயக்கிப் பார்க்குறதும் ஒரே வீடியோவுல நிக்காம வரணும். எல்லாம் சரின்னு தெரியிற வரைக்கும் சாமான் கிடைச்சதுன்னு உறுதி செய்யிற பட்டனை அழுத்தாதீங்க. பழுதுன்னா உடனே ஆப்புக்குள்ள டிஸ்பியூட், அதாவது முறைப்பாடு, போடுங்க, அலிஎக்ஸ்பிரஸ்ல ஓடர் முடிஞ்சு 15 நாளுக்குள்ள போடணும், செல்லர் கெஞ்சிக் கேட்டு, டிஸ்பியூட்டை மூடு, காசு தனியா அனுப்புறேன்னு சொன்னா மூடாதீங்க, மூடினா திரும்பத் திறக்குறது கஷ்டம்.

கடைசியா ட்ராக்கிங். தபால்ல வர்ற ட்ராக்கிங் நம்பர் ரெண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், திரும்ப ரெண்டு எழுத்துன்னு இருக்கும், முடிவுல சிஎன் இருந்தா சைனாவுல இருந்து வருது, ஆரம்பத்துல ஆர் இருந்தா பதிவுத் தபால். அந்த மாதிரி நம்பர் உள்ளதையே தெரிவு செய்யுங்க, நம்பர் இல்லாத பார்சலைத் தேடிக்கிட்டு தபால் கந்தோருக்குப் போனா அவங்களாலயும் ஒண்ணும் செய்ய ஏலாது. பார்சலுக்காகக் காத்திருக்குற நேரத்துல, உங்க பார்சல் நிக்குது, அட்ரஸ் பிழை, கொஞ்சம் காசு கட்டுங்கன்னு தபால் திணைக்களம் அனுப்புற மாதிரியே எஸ்எம்எஸ் வரும், லிங்க்கும் இருக்கும். அது கார்ட் நம்பரைத் திருடுறவங்களோட வேலை, தபால் திணைக்களமே இதைப் பத்தி எச்சரிச்சிருக்காங்க. வீட்டுல பெரியவங்க கையில போன் இருந்தா அவங்களுக்கும் இதைச் சொல்லி வைங்க. லிங்க்கைத் தொடாம, எஸ்எல்போஸ்ட் டொட் ஜிஓவி டொட் எல்கேன்னு நீங்களே அடிச்சு உள்ள போய் நம்பரைப் போட்டுப் பாருங்க, அதுலயும் விளங்காட்டி நம்பரைத் தாள்ல எழுதி எடுத்துக்கிட்டு தபால் கந்தோருக்கே போய்க் கேளுங்க.