பின்னால் வந்து இடித்தால் தப்பு யார்மேல்? பலரும் செய்யும் தவறுகள்

"பின்னால வந்து இடிச்சவன் மேலதான் தப்பு." விபத்து நடந்த இடத்தில் கூடுகிற கூட்டம் இப்படித்தான் தீர்ப்புச் சொல்லும். தொடக்கப்புள்ளியாக இது சரி. முடிவாக எடுத்துக்கொள்வதுதான் தவறு.

1989-ஆம் ஆண்டு சாலை விதிகளில் 23-ஆம் விதி, முன் வண்டி திடீரென நின்றாலும் மோதாத அளவு இடைவெளி விடச் சொன்னது. அடுத்த 24-ஆம் விதி, பாதுகாப்புக்குத் தேவையில்லாமல் சட்டென்று பிரேக் அடிக்கக் கூடாது என்றது. அந்த விதிகளுக்குப் பதிலாக 2017-இல் புதியவை வந்தாலும் கடமை இரு பக்கமும் இருக்கிறது. பேசும்போது நாம் முதல் விதியோடு நின்றுவிடுகிறோம்.

பின்னால் வருபவர் செய்யும் தவறு, "அவர் திடீர்னு பிரேக் போட்டார்" என்ற ஒரே வாதத்தை நம்புவது. லாரியின் பின்னால் 10-15 அடி இடைவெளியில் போய் மோதிய கார் பற்றிய வழக்கில், 2018-இல் உச்ச நீதிமன்றம் கார் ஓட்டுநர் மீதே தவறு என்றது. 60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 55 அடி ஓடும். கண் பார்த்து கால் பெடலை அழுத்தவே அந்த ஒரு நொடி ஆகிவிடும். 15 அடி எம்மாத்திரம்?

முன்னால் போகிறவர், தன் வண்டியில்தான் இடித்தார்கள், தனக்கென்ன பொறுப்பு என்று இருந்துவிடுவார். கோயம்புத்தூரில் 2017 ஜனவரியில் நெடுஞ்சாலையில் ஒரு கார் திடீரென நின்றது. பின்னால் வந்த பைக் அதில் மோதியது. விழுந்த மாணவரின் காலில் பேருந்து ஏறியது. காலை அகற்ற வேண்டியதாயிற்று. கர்ப்பிணி மனைவிக்கு வாந்தி வந்ததால் நிறுத்தினேன் என்றார் கார் ஓட்டியவர். சைகை காட்டாமல் நெடுஞ்சாலையில் நிறுத்த அது போதாது என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் கார் மீது 50, பேருந்து மீது 30, மாணவர் மீது 20 விழுக்காடு பொறுப்பு வைத்தது. இடைவெளி விடாததும் உரிமம் இல்லாததும் மாணவர் பக்கக் குறை. அந்த 20 விழுக்காடு அவருடைய இழப்பீட்டில் கழிந்தது.

காரில் பயணியாக இருந்தவர்கள் வீணாக உரிமையை விட்டுவிடுவதும் உண்டு. விளக்கு, எச்சரிக்கை எதுவும் இல்லாமல் நெடுஞ்சாலையில் நின்ற கனரக வண்டியில் கார் மோதிய வழக்கில், ஓட்டுநரின் கவனக்குறைவைப் பயணிகள் தலையில் கட்டி இழப்பீட்டைக் குறைக்க முடியாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 'நம்ம ஆள்தானே ஓட்டினார்' என்று பேசாமல் இருக்க வேண்டாம்.

பெரும்பாலான வழக்குகள் கெடுவது முதல் அரை மணி நேரத்தில்தான். போக்குவரத்து நிற்கிறதே என்று வண்டியை உடனே ஓரங்கட்டுவார்கள். காயம்பட்டவர்களைக் கவனித்த பிறகு, நகர்த்தும் முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள்: டயர் உரசிய தடம், கண்ணாடிச் சிதறல், இரு வண்டிகளும் லேனில் நின்ற நிலை. பிரேக் லைட் எரிந்ததா என்பது பெரிய சண்டையாகும். ஆகவே மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்கும் வரை உடைந்த பின்விளக்கை மாற்றாதீர்கள். எல்இடி இல்லாத பழைய இழை பல்பாக இருந்தால், மோதும்போது எரிந்துகொண்டிருந்த இழை சூட்டில் நீண்டு வளைந்திருக்கும்; அணைந்திருந்த இழை அப்படி நீளாது. டேஷ்கேம் (காருக்குள் சாலையைப் படம்பிடிக்கும் கேமரா) பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதும். அதன் மெமரி கார்டை அப்போதே கழற்றி வையுங்கள். நீதிமன்றத்தில் கொடுக்கும்போது 2023 சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் வேண்டும்.

மூன்று வண்டிகள் வரிசையாக மோதினால் நடுவில் உள்ளவர்தான் மாட்டிக்கொள்வார். முன் காரில் இருந்தவர் கேட்டது ஒரு இடியா, இரண்டா என்று அப்போதே விசாரித்து எழுதி வாங்குங்கள். ஒன்று என்றால், பெரும்பாலும் நடு வண்டி தானாக மோதவில்லை, தள்ளப்பட்டிருக்கிறது. சேதத்தின் உயரமும் பேசும்: நடு வண்டி பிரேக் அழுத்தினால் அதன் மூக்கு தாழும், அதனால் முன் காரில் அடி கீழே விழும்.

புகாரில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்ற வாடிக்கை வரியோடு நிறுத்தாதீர்கள். முன் வண்டி எப்படி நின்றது, சைகை இருந்ததா, எந்த லேன் என்று எழுதுங்கள். எஃப்ஐஆர் இறுதித் தீர்ப்பு அல்ல, ஆனால் இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்ப்பாயம் முதலில் புரட்டுவது அதைத்தான். பார்வை மகஜர் (விபத்து இடத்தைப் பார்த்துக் காவல்துறை எழுதும் குறிப்பு), இடத்தின் வரைபடம் இரண்டின் நகலையும் வாங்கிச் சரிபாருங்கள். ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். இழப்பீட்டு மனுவுக்குச் சட்டம் வைத்திருக்கும் கெடு விபத்து நாளிலிருந்து 6 மாதம்.

உங்களிடம் முழுக் காப்பீடு இருந்தால், சொந்தக் காரின் சேதத்துக்கான கோரிக்கைக்காக தப்பு யார்மேல் என்ற முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை.