நெடும்பயணத்துக்கு முன் பத்மினியின் பிரேக்

கடலூர் துறைமுகத்துக்கு அருகே உப்புக்காற்றில் பல ஆண்டுகள் நின்றிருந்த என் பிரீமியர் பத்மினி காரை மதுரைக்கு ஓட்டிச் செல்லத் தீர்மானித்தபோது, எஞ்சினைவிட பிரேக்கையே முதலில் பிரித்துப் பார்த்தேன். மிதிக்கும்போதெல்லாம் வண்டி இடப்பக்கம் இழுத்தது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையதாதலால், வலப்பக்க முன்சக்கரத்தில் ஆயிலின் அழுத்தத்தால் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் வீல் சிலிண்டர் உட்புறம் துருவேறி இறுகியிருந்தது; அதனால் அந்தப் பக்கம் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. அதை மட்டும் மாற்றினால் போதும் என்றார் மெக்கானிக். முன்சக்கரங்கள் இரண்டிலும் சேர்த்து மாற்றுவதே முறை என்பது என் கருத்து. பிரேக் ஆயில் செல்லும் ரப்பர் குழாய்களையும் புதிதாகப் போட்டு, பழைய ஆயிலை முழுவதும் வடித்து, பிரேக் மிதியோடு இணைந்து ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்கி, பிரேக் குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றியதும் இழுப்பு நின்றது. ரேடியேட்டரும் ஃபேன் பெல்ட்டும் வேலை வைக்கவில்லை. டயர்களின் பட்டன் (தரையில் படும் மேடுகள்) தேயாமலிருந்தாலும், பக்கவாட்டில் டயர் தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நான்கு இலக்க எண்ணைப் பார்த்தபின், ஸ்டெப்னி உட்பட ஐந்தையும் மாற்றினேன்.