தையல்சிட்டையும் ஒட்டுண்ணிக் குளவியையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரம்பூர், கொளத்தூர் பக்கம் மாடித்தோட்டம் போட்டவர்களும் வீட்டோரம் பப்பாளி வைத்தவர்களும் கேட்பது இதுதான்: பூச்சியை ஒழிக்க, இலையைத் தைத்துக் கூடு கட்டும் தையல்சிட்டுக் குருவி நல்லதா, ஒட்டுண்ணிக் குளவி நல்லதா? கேள்வியே கொஞ்சம் கோணல். சரி, ஒப்பிட்டே பார்ப்போம்.

குளவி என்றதும் துடைப்பத்தைத் தூக்குவதுதான் முதல் தவறு. அசிரோபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, நம்மைக் கொட்டவும் கொட்டாது. வெள்ளைப் பஞ்சுபோல் இலையில் ஒட்டிச் சாறு உறிஞ்சும் பப்பாளி மாவுப்பூச்சிக்குள் முட்டையிடுவதுதான் அதன் வேலை.

இரண்டையும் 'பூச்சி தின்னி' என்று ஒரே கணக்கில் சேர்ப்பது அடுத்த தவறு. தையல்சிட்டு புழு, வண்டு, சிலந்தி என்று கிடைத்ததைக் கொத்தும். செடிக்கு நல்லது செய்யும் பூச்சியும் அதில் போய்விடும். இந்தக் குளவியின் குஞ்சுக்கோ அந்த ஒரு மாவுப்பூச்சிதான் சாப்பாடு. 2008இல் கோவையில் தென்பட்ட அந்த மாவுப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவி விவசாயிகளைப் படுத்தி எடுத்தது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து இந்தக் குளவியை வரவழைத்து விட்ட பிறகுதான் அது அடங்கியது. எத்தனை சிட்டு வந்திருந்தாலும் இது நடந்திருக்காது.

ஒட்டுண்ணி என்பதால் குயிலோடு சேர்த்துப் பேசுகிறவர்களும் உண்டு. குயில் காக்கைக் கூட்டில் முட்டையிட்டு வளர்ப்பு வேலையைத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். குளவிக் குஞ்சு தான் இருக்கும் உடலையே உள்ளிருந்து தின்று கொன்றுவிடும்.  

முட்டைக் கணக்கை வைத்து ஒப்பிடுவதும் உதவாது. சிட்டு மூன்று முட்டை போட்டு, சுமார் பன்னிரண்டு நாள் அடைகாத்து, ஜோடியாக இரை ஊட்டும். குளவி முட்டையிட்டதோடு சரி. இரண்டு மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை வந்துவிடும்.

எனக்குப் பெரிய தவறாகப் படுவது வேறு. 'மருந்தடித்தும் குருவி வருகிறதே, தோட்டம் நன்றாகத்தான் இருக்கிறது' என்பார்கள். குருவி பக்கத்து மாடிக்குப் போய்விட்டுத் திரும்பும். குளவி அங்கேயே செத்துவிடும். அதனால் மருந்தைக் கையில் எடுக்குமுன் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சுக்கு நடுவே பழுப்பாக உப்பி இறுகிய மாவுப்பூச்சி தெரிந்தால் உள்ளே குளவி வளர்கிறது. அதில் வட்டமாகச் சின்ன ஓட்டை இருந்தால் வெளியே வந்துவிட்டது. போன் கேமராவில் பெரிதாக்கினால் ஓட்டை தெரியும். அந்த இலையைப் பறித்துக் கவரில் கட்டி மாநகராட்சி வண்டியில் போட்டுவிடாதீர்கள்.